வண்டி வளையப் போகிறது, காதுக்குச் சொல்லுங்கள்

இண்டிகேட்டர் போட்டதும் ‘டிக்... டிக்...’ என்று கேட்கிறதே, புதுக் கார்கள் பலவற்றில் அது போலிச் சத்தம்.

பழைய கார்களில் அதற்கு உண்மையான காரணம் இருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் ஃபிளாஷர் என்றொரு சின்ன டப்பா இருக்கும். அதற்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. மின்சாரம் பாய்ந்தால் தகடு சூடேறி வளையும், இணைப்பு விட்டுப்போகும். ஆறியதும் திரும்ப வந்து ஒட்டும். அப்படி விட்டு விட்டு ஒட்டியபோது எழுந்ததுதான் அந்த டிக். யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை. பிறகு ரிலே வந்தது. அதற்கும் பிறகு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொண்டது. சத்தம் எழுப்ப ஒரு பாகமும் மிச்சமில்லை. ஆனால் சத்தமே இல்லாவிட்டால் இண்டிகேட்டரை அணைக்க மறந்துவிடுவார்கள். அதனால் செத்துப்போன டிக்கை ஸ்பீக்கர் வழியாக உயிரோடு வைத்திருக்கிறார்கள். விளக்கு நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும் என்பது விதி. சத்தமும் அதே தாளத்தில் கூடவே வருகிறது.

அது ஓட்டுநருக்காக வைத்த சத்தம். ஆனால் பின்சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, வண்டி திரும்பப்போகிறது என்று முன்கூட்டியே கிடைக்கும் ஒரே தகவலும் அதுதான். சாலையே வளையும் இடத்தில் அதுவும் கிடைக்காது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு யாரும் இண்டிகேட்டர் போடுவதில்லை.

இந்த இடைவெளியைத்தான் இப்போது கார்த் துறையும் உடலியல் ஆய்வாளர்களும் சேர்ந்து துழாவிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டீயரிங் என்ன செய்யப்போகிறது என்பதை உள்ளே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒலியாகச் சொல்ல முடியுமா? சொன்னால் பலன் உண்டா?

ஓட்டுகிறவருக்கு ஏன் குமட்டுவதில்லை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏற பஸ்ஸுக்குள் எலுமிச்சம்பழங்களும் பாலிதீன் பைகளும் வெளியே வரும். மலைச்சாலைக் கொண்டை ஊசி வளைவின் உள்ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்கு. அந்த வளைவை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினாலே, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமான விசை பக்கவாட்டில் வந்துவிடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 13 கிலோவுக்கு ஈடு. ஓட்டுநருக்கும் அதே விசைதான், அதே வளைவுதான். அவர் மட்டும் தெம்பாக இருக்கிறார்.

பழக்கம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று 1991-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. ரோல்னிக், லுபோ என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்களை இருவர் இருவராகச் சுழற்றினார்கள். இருவருக்கும் ஒரே அசைவு. ஆனால் கட்டுப்பாடு ஒருவர் கையில். மற்றவர் சும்மா உட்கார்ந்திருந்தார். குமட்டலில் அதிகம் அவதிப்பட்டவர் அந்த இரண்டாம் ஆள். உடம்பு அனுபவித்தது ஒன்றே என்றாலும், அடுத்து என்ன வரும் என்பது ஒருவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

உள்காதில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை அவை மூளைக்குச் சொல்கின்றன. மூளை அந்தச் செய்தியை, தான் எதிர்பார்த்த செய்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. காது ‘திரும்புகிறோம்’ என்கிறது, போன் திரையில் பதிந்த கண் ‘அசையவே இல்லை’ என்கிறது, எதிர்பார்ப்போ வெற்றிடமாக இருக்கிறது என்றால் வயிறு பிரட்டும். பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1970-களில் செப்பனிட்ட விளக்கம் இது. அசைவுகளிலும் மிக மோசமானது ஏறத்தாழ 0.2 ஹெர்ட்ஸ், அதாவது 5 நொடிக்கு ஒரு சுற்று. இடதும் வலதுமாக வளைவுகள் நெருங்கி வரும் பாதையில் வண்டி ஆடுவது கிட்டத்தட்ட இந்தக் கணக்கில்தான்.

ஓட்டுநருக்கு எவ்வளவு முன்னதாகத் தெரிகிறது? 1994-இல் மைக்கேல் லேண்டும் டேவிட் லீயும் எடின்பரோவில் வளைவுகள் நிறைந்த ஒரு சாலையில் ஓட்டுநர்களின் பார்வையைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் 1 முதல் 2 நொடி முன்பாகவே கண், வளைவின் உள்விளிம்பு திரும்புகிற புள்ளியில் போய் நிற்கிறது. கை அதற்குப் பிறகுதான் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது. ஓட்டுநருக்கும் பயணிக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒன்றிரண்டு நொடிதான். அந்த அவகாசத்தில் ஓட்டுநரின் உடம்பு தயாராகிவிடுகிறது. ஜப்பானில் தகாஹிரோ வாடாவும் அவரது குழுவினரும் கவனித்தது இது: வளைவில் ஓட்டுநரின் தலை வளைவின் மையத்தை நோக்கிச் சாய்கிறது, பயணியின் தலை எதிர்ப்பக்கம் சரிகிறது. பயணியையும் ஓட்டுநர் மாதிரியே தலையைச் சாய்க்கச் சொன்னபோது குமட்டல் குறைந்தது.

எல்லோரும் பின்சீட்டுக்காரர்களானால்

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் 2020 அக்டோபர் முதல், ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லாத வேமோ டாக்ஸியில் பொதுமக்கள் போகிறார்கள். ஓட்டுநர் இல்லாத வண்டியில் அந்த முன்தகவல் எந்த மனிதரிடமும் இல்லை. வண்டியின் கம்ப்யூட்டரிடம் மட்டும் இருக்கிறது. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் சிவாக், ஷோட்டில் இருவரும் 2015-இலேயே ஒரு மதிப்பீடு சொன்னார்கள்: முழுத் தானியங்கிக் கார்களில் போகும் அமெரிக்கப் பெரியவர்களில் 6 முதல் 10 சதவீதம் பேருக்கு அடிக்கடியோ எப்போதுமோ குமட்டல் வரும். ‘ஓட்டும் வேலை மிச்சம், வழியில் படிக்கலாம், படம் பார்க்கலாம்’ என்பதுதானே இந்தக் கார்களின் பெரிய விளம்பரம்? அந்த விளம்பரத்தையே வயிறு கவிழ்த்துவிடலாம்.

வேமோ ஒரு திரையை வைத்திருக்கிறது. சுற்றிலும் எந்த வண்டி, எந்த ஆள், தான் போகப்போகிற பாதை எது என்று அதில் படமாகக் காட்டுகிறது. நல்ல ஏற்பாடு, பயமும் தெளியும். ஆனால் அதையே பார்த்துக்கொண்டு வருகிறவர் எப்படிப் படிப்பார்? கண் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. சும்மா இருப்பது காது. அதற்கு இமையும் கிடையாது. ஒரு சமிக்ஞைக்குக் கை அசைய எடுக்கும் நேரத்தை அளந்தாலும், கண்ணால் கண்டதைவிடக் காதால் கேட்டதற்கே மனிதர் சற்று விரைவாக அசைகிறார்.

இதை நேரடியாகச் சோதித்தவர்கள் நெதர்லாந்தின் ஆவ்ரன் கைப்பரும் யெல்டே பாஸும், அவர்களோடு சேர்ந்த சிலரும். தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும் ஒரு இருக்கை. அடுத்த நகர்வு எப்போது, எந்தத் திசையில் என்று ஒலியால் முன்கூட்டிச் சொன்னார்கள். இன்னொரு சுற்றில் ஒலி கேட்கும், ஆனால் அதிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. பொருளுள்ள ஒலி கேட்ட சுற்றில் குமட்டல் மதிப்பெண் சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. இது 2020-இல் வெளியான முடிவு. 17 சதவீதம் அதிசயம் இல்லை. ஆனால் மாத்திரை இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை, செலவு ஏற்கெனவே காரில் இருக்கும் ஸ்பீக்கர் மட்டும். அந்த அளவில் இது பெரிய லாபம்தான் என்பது என் கணக்கு.

ரயில்காரர்கள் பட்ட பாடு

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கார்களுக்கு முன்பே ரயில்கள் கற்றுக்கொண்டன. ஜப்பானில் 1973-இல் 381 வரிசை ரயில்கள் ஓடத் தொடங்கின. மலைப்பகுதி வளைவுகளில் வேகம் குறைக்காமல் போவதற்காக, பெட்டி தானாகவே உட்பக்கம் சாயும் அமைப்பு. ஊசலாட்ட விதிப்படி இயங்கிய அந்தச் சாய்வு, வளைவு தொடங்கிய பின்தான் தொடங்கும். வளைவு முடிந்த பின்தான் நிமிரும். சிறு தாமதம்தான். ஆனால் பயணிகளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. 1989-இல் ஷிகோகு தீவில் வந்த 2000 வரிசை ரயிலில் தண்டவாளத்தின் வளைவுகளை முன்பே பதிவு செய்து வைத்து, வளைவு வரும் இடம் தெரிந்து பெட்டியைச் சாய்த்தார்கள். தொல்லை குறைந்தது. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பெர்னார்ட் கோஹென் குழுவினர், சுவிட்சர்லாந்து ரயில்களில் செய்த ஆய்வை 2011-இல் வெளியிட்டார்கள். முன்பெட்டியின் உணர்கருவி சொன்ன பிறகு சாய்ந்தால் குமட்டல். ஜிபிஎஸ் துணையோடு வளைவு தொடங்கும் கணத்திலேயே சாய்ந்தால் அது பெருமளவு மறைந்துவிட்டது.

காருக்குள் ஒலி வைக்க நினைப்பவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகக் கூடாது. ஸ்டீயரிங் கோணத்தை உணர்கருவியால் அளந்து அதையே ஒலியாக மாற்றுவது எளிது. கல்லூரி மாணவர்கூடச் செய்துவிடுவார். ஆனால் ஸ்டீயரிங் திரும்பும்போது ஒலித்தால், உடம்பு ஏற்கெனவே உணர்ந்துவிட்டதைக் காது மறுபடி சொல்கிறது. பழைய செய்தி. நமக்கு வேண்டியது ஒரு நொடி முந்திய செய்தி. கம்ப்யூட்டர் ஓட்டும் காரில் அது கையிலேயே இருக்கிறது. அடுத்த சில நொடிகளுக்கான பாதையை வகுத்துக்கொண்டுதான் அது சக்கரத்தையே திருப்புகிறது. அந்தத் திட்டத்தைத்தான் ஒலியாக்க வேண்டும்.

நடப்பதற்கு முன்பே கார் சத்தம் போடுவது ஒன்றும் புதிதில்லை. 2016-இல் வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸ் காரில், மோதல் தவிர்க்க முடியாது என்று தெரிந்ததும் ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல் எழும். அதைக் கேட்டு நடுக்காதின் சிறு தசை அனிச்சையாக இறுகும். அடுத்து வரும் மோதல் சத்தத்திலிருந்து செவி ஓரளவு தப்பும். உயிருக்கு ஆபத்தான கணத்தில் இது செல்லும் என்றால், வளைவுக்கு ஏன் செல்லாது?

எந்த மாதிரி ஒலி?

பேச்சு வேண்டாம் என்பேன். ‘இடது பக்கம் திரும்புகிறோம்’ என்று சொல்லி முடிப்பதற்குள் வளைவே முடிந்துவிடும். அதுவும் நாற்பது முறை கேட்டால் குமட்டலைவிடக் கோபம் அதிகமாகும்.

திசையைத் திசையாலேயே சொல்வதுதான் வழி. இடதுபக்க ஒலி, இடதுபக்கத் திருப்பம். இது விமானத் துறையில் பழைய கதை. அமெரிக்க விமானிகள் 1930-களில் ரேடியோ ஒலியைக் கேட்டே வழி பிடித்தார்கள். பாதையின் ஒரு பக்கம் விலகினால் மோர்ஸ் எழுத்து ‘ஏ’ கேட்கும், மறுபக்கம் விலகினால் ‘என்’. நேராகப் போனால் இரண்டும் பின்னிப்பிணைந்து ஒரே சீரான ரீங்காரமாகிவிடும். 1936-இல் லூயிஸ் டி ஃப்ளோரஸ், விமானம் திரும்புவதை இரண்டு காதுகளுக்கும் இடையிலான ஒலி அளவின் வித்தியாசமாகச் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹார்வர்டில் நடந்த ‘ஃப்ளைபார்’ முயற்சியை டி. டபிள்யூ. ஃபோர்ப்ஸ் 1946-இல் எழுதினார். ஒரே ஒலி. அது ஒரு காதிலிருந்து மறுகாதுக்கு ஓடினால் விமானம் திரும்புகிறது. ஓடும்போதே சுருதி ஏறினாலோ இறங்கினாலோ இறக்கை சாய்ந்திருக்கிறது. விட்டு விட்டு ஒலிக்கும் வேகம் கூடினால் விமானத்தின் வேகம் கூடியிருக்கிறது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மூன்று தகவலுக்கு மூன்று தனித்தனி சத்தம் வைக்காமல் ஒன்றுக்குள்ளேயே மூன்றையும் கோத்த யோசனை. இன்றைய காரில் சீட் பெல்ட்டுக்கு ஒரு பீப், கதவுக்கு ஒன்று, பார்க்கிங்குக்கு ஒன்று, தடம் விலகினால் ஒன்று என்று ஏற்கெனவே ஒரு சந்தைக்கடை இருக்கிறது. அதில் இன்னொரு பீப்பைச் சேர்ப்பவர் தண்டனைக்குரியவர்.

காருக்குள் ஒரு சிக்கலும் உண்டு. நேர்முன்னால் இருக்கும் ஒலி 1 டிகிரி நகர்ந்தால்கூடக் காது கண்டுபிடித்துவிடும். ஒலி இரண்டு காதுகளையும் அடையும் நேர வித்தியாசம்தான் அதற்கு முக்கியத் தடயம். அது அதிகபட்சமே ஒரு மில்லிநொடிக்குள். ஆனால் காரில் பெரும்பாலோர் நடுவில் உட்காருவதில்லை. இடது ஜன்னலோரம் இருப்பவருக்கு இடது ஸ்பீக்கர் எப்போதும் முந்தும். போதாக்குறைக்குக் கண்ணாடிகள் ஒலியை எதிரொலிக்கும். அவருக்கு எல்லா வளைவும் இடது வளைவாகிவிடும். ஒவ்வொருவர் தலைக்குப் பின்னாலும் தனி ஸ்பீக்கர் இருந்தால் இது தீரும். 2017-இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த நிஸான் மைக்ராவிலேயே ஓட்டுநரின் ஹெட்ரெஸ்ட்டுக்குள் ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். பாட்டுக்காக வைத்தது, இதற்கும் உதவும். சுருதியும் கவனம்: ஆழ்ந்த, கனமான ஒலி எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவது கடினம், கீச்சென்ற ஒலியோ எச்சரிக்கை மாதிரி பதற வைக்கும். வண்டி திரும்புவது அபாயம் இல்லை. கேட்டுப் பதறுகிற ஒலி இங்கே தோல்விதான்.

இதே நோக்கத்துக்கு வேறொரு திசையிலிருந்தும் முயற்சி நடக்கிறது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு 2025-இல் வெளியிட்ட ஆய்வில், 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு நிமிடம் கேட்டால் குமட்டல் தணிகிறது என்றார்கள். அது உள்காதையே தூண்டும் வழி. திருப்பத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஸ்டீயரிங் பிடித்தவருக்கும் செய்தி குறைந்துவருகிறது

இதுவரை பயணியின் கதை. ஓட்டுநரின் கதையும் மாறிக்கொண்டிருக்கிறது. டயர் தரையோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்பதை ஒரு காலத்தில் ஸ்டீயரிங் கைக்குச் சொன்னது. வளைவில் வேகம் கூடக் கூட ஸ்டீயரிங் கனக்கும். டயர் தன் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது, எல்லைக்குச் சற்று முன்பே, அது லேசாகிவிடும். தேர்ந்த ஓட்டுநர்கள் அந்த லேசாவதைத்தான் எச்சரிக்கையாகக் கொள்வார்கள். அதன்பின் டயர் கிறீச்சிடும். ரப்பர் தரையைப் பற்றுவதும் நழுவுவதுமாக நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை துடிப்பதால் எழும் சத்தம் அது.

1988-இல் சுசூகி செர்வோவில் வந்த மின்மோட்டார் ஸ்டீயரிங் இன்று எங்கும் பரவிவிட்டது. 2013-இல் இன்ஃபினிட்டி க்யூ50, அவசரத்துக்கு மட்டும் இயந்திர இணைப்பை வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை மின்கம்பி வழியே சக்கரத்தோடு பேச வைத்தது. 2023-இல் வந்த டெஸ்லா சைபர்டிரக்கில் அந்த இணைப்பும் இல்லை. கைக்கு வரும் கனம் முழுக்க மோட்டார் தயாரித்துத் தருவது. கைக்குச் செயற்கைக் கனம் தரலாம் என்றால் காதுக்கு ஏன் தரக் கூடாது என்ற கேள்வி இயல்பாகவே வருகிறது. நவீன கார்களின் கேபின் அமைதியில் டயரின் முணுமுணுப்பு கேட்பதில்லை. அதை அளந்து, கொஞ்சம் பெரிதாக்கி, எந்தப் பக்க டயர் நழுவுகிறதோ அந்தப் பக்கமிருந்து கேட்க வைக்கலாம்.

ஆனால் ஒலி வடிவமைப்புக்காகத் துறை காசு செலவழித்த இடம் வேறு. 2011-இல் பிஎம்டபிள்யூ எம்5 தன் எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகவும் உள்ளே ஊட்டியது. 2023-இல் வந்த ஹூண்டாய் ஐயானிக் 5 என் என்ற மின்சாரக் கார், இல்லாத எஞ்சினின் உறுமலையும் இல்லாத 8 கியர்களின் குலுக்கலையும் நடித்துக் காட்டுகிறது. வேடிக்கைதான், குறை சொல்லவில்லை. ஆனால் வேகத்துக்கு இவ்வளவு இசையமைத்தவர்கள் திருப்பத்துக்கு ஒரு சுரம்கூட ஒதுக்கவில்லை. வேகம் விற்கும், வளைவு விற்காது என்பது கணக்காக இருக்கலாம்.

நம் ஊரில் எந்த ஆய்வகமும் இல்லாமலே ஒரு முறை நடைமுறையில் இருக்கிறது. குறுகிய சந்தில் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று பாடியைத் தட்டுவார். தட்டல் சீராக வந்தால் ‘வரலாம்’. ஓங்கி ஒரு தட்டு தட்டினால் பிரேக். எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்பதை அவர் குரல் சொல்லும். இங்கேயும் வேலை செய்வது அந்த முந்திய நொடிதான்: சுவரில் இடித்த பிறகு தட்டும் கிளீனரை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

காருக்கு வெளியே எழும் ஒலிக்குச் சட்டம் வந்துவிட்டது. மின்சாரக் கார்கள் மெதுவாகப் போகும்போது பாதசாரிக்குக் கேட்கும்படி ஒலிக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். உள்ளே இருப்பவருக்குத் திருப்பத்தைச் சொல்லும் ஒலியோ அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். சொந்தக் கார் என்றால் ஒரு வாரத்தில் பழகிவிடும். காலையில் ஒரு டாக்ஸி, மாலையில் வேறு டாக்ஸி என்று ஏறுகிறவருக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒலித்தால் எதுவும் பதியாது. காது கேளாதவர்களுக்கு இருக்கை அதிர்வு வேண்டும். 2004-இல் வந்த சித்ரோன் சி4 காரிலேயே, தடம் விலகினால் அந்தப் பக்கத்து இருக்கை அதிரும் ஏற்பாடு இருந்தது. அதை வளைவுக்கும் நீட்டிக்கலாம்.

பெரிய தடை வேறு. பின்சீட்டில் இருப்பவர்களில் பலர் இன்று காதில் இயர்போனோடுதான் உட்காருகிறார்கள். காரின் ஸ்பீக்கர் என்ன சொன்னாலும் அவர்களுக்குக் கேட்காது. ஆப்பிள் 2024-இல் ஐபோன் திரையின் ஓரங்களில் நகரும் புள்ளிகளைத் தந்தது. கார் திரும்பினால் புள்ளிகளும் நகரும், கண்ணுக்கும் உள்காதுக்கும் உள்ள சண்டை தணியும். ஆனால் போன் தன் சொந்த உணர்கருவியால் அசைவை அறிந்த பிறகுதான் புள்ளியை நகர்த்துகிறது. அடுத்த வளைவு அதற்குத் தெரியாது. தெரிந்தது காருக்கு, காதுக்கு அருகில் இருப்பது போன். காரின் பாதைத் திட்டத்திலிருந்து ஒரே ஒரு சிறு தகவல், ‘ஒரு நொடியில் இடது, இவ்வளவு கூர்மை’ என்பது மட்டும், ப்ளூடூத் வழியாகப் போனுக்கு வந்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டையே லேசாக இடப்பக்கம் நகர்த்திவிடலாம், தனி ஒலியே வேண்டாம். தொழில்நுட்பம் கையில் இருக்கிறது. கார் செய்பவர்களும் போன் செய்பவர்களும் அந்த ஒரு வரித் தகவலுக்கு ஒரு பொது வடிவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். டேஷ்போர்டுத் திரை யாருக்குச் சொந்தம் என்பதிலேயே இந்த இரண்டு தரப்புக்கும் இன்னும் தகராறு தீரவில்லை.